பேனரில் போடக் கூடாத பட்டாளத்துக்காரர்

எங்கள் குடும்பத்தில் இரண்டு பட்டாளத்துக்காரர்கள். ஒருவர் என் அண்ணன், இன்னொருவர் என் வீட்டுக்காரர். கொஞ்ச காலம் இரண்டு பேருக்கும் ஒரே முகாம், மேலே ஒரே பெரிய அதிகாரி. ஆனால் மும்பை தாராவியில் எங்கள் கல்லியில், அதாவது சந்தில், போய்க் கேட்டால் ஒருவரைத்தான் பட்டாளத்துக்காரர் என்று சொல்வார்கள். மற்றவர் பேச்சை எடுத்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். அந்தப் பிதுக்கலை வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து எனக்குள் சேர்ந்த எரிச்சலைத்தான் இங்கே கொட்டப் போகிறேன். படித்துவிட்டு யாராவது என்னைப் புண்ணியவதி என்று சொன்னால் இன்னும் எரிச்சல்தான் வரும், சொல்லிவிட்டேன்.

எந்த மலை, எந்த எல்லை என்று கேட்காதீர்கள். பாதி எனக்கே தெரியாது. தெரிந்த மீதியை எழுத மாட்டேன். அவர் இப்போது அந்த வேலையில் இல்லை. அதனால்தான் இவ்வளவாவது எழுத முடிகிறது.

அண்ணன் சாதாரணக் காலாட்படை. அவன் லீவில் வருவது கல்லிக்கே முன்கூட்டித் தெரியும். அரை வருஷத்துக்கு முன்பே எந்த மாதம் வருவான் என்று சொல்லிவிடுவான், அந்த மாதம் வந்துவிடுவான். கறுப்பு டிரங்குப் பெட்டி, ஒட்ட வெட்டிய முடி, மழமழவென்று சிரைத்த முகம். சயான் ஸ்டேஷனிலிருந்து அவன் நடந்து வரும் நடையைப் பார்த்தே கடைக்காரர்கள் சலாம் வைப்பார்கள். கேன்டீன் சோப்பும் ஹேர் ஆயிலும் பெட்டிக்குள்ளிருந்து வரும். குடியரசு தினத்துக்கு அவன் ஊரில் இருந்துவிட்டால் போதும், கல்லி இளைஞர் மன்றத்துக்காரர்கள் அவனைக் கூப்பிட்டுக் கொடியேற்றச் சொல்லி, சால்வை போட்டு, போட்டோ எடுத்து, ஒரு வாரம் ஸ்டேட்டஸ் வைப்பார்கள்.

என் வீட்டுக்காரர் வருவது எனக்கே தெரியாது. தோள் வரைக்கும் முடி, நெஞ்சில் தொங்கும் தாடி, தோளில் ஒரு துணிப்பை. அந்த வேலைக்குப் போன பிறகு அவர் முதல் தடவை வந்தபோது, கல்லி முனையில் வாட்ச் ரிப்பேர் பார்க்கும் பெரியவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, பிச்சைக்காரரை அனுப்புகிற மாதிரி, "மாஃப் கரோ பாபா, ஆகே ஜாவ்" என்று சொல்லியிருக்கிறார். கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதிவிட்டுச் சாப்பிட்ட பெரியவர் அவர். இவரும் சிரித்துக்கொண்டே வந்து என்னிடம் சொன்னார். அன்றைக்கு நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். மறுநாள் குளிக்கப் போன இடத்தில் அழுகை வந்தது.

கல்யாணம் ஆகும்போது இவரும் அண்ணனும் ஒரே பட்டாலியன்தான். அண்ணன் பார்த்து முடித்த சம்பந்தம். மாமியார் ஆசைப்பட்டார் என்று இவர் ரிசப்ஷனுக்குச் சீருடையிலேயே நின்றார். அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டி, தினமும் முந்தானையால் துடைப்பார் என் மாமியார். ஒரு வருஷம் கழித்து இவர், வேறு ஒரு பயிற்சிக்குப் போகிறேன் என்றார். கமாண்டோவா என்று கேட்டேன். அது மாதிரி என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயரவில்லை. அடுத்த லீவில் வந்து, சுவரில் இருந்த போட்டோவைக் கழற்றித் துணிக்குள் சுற்றிப் பீரோவுக்குள் வைத்தார். மாமியார் ஏன் என்று கேட்டதற்கு ஆணி ஆடுகிறது என்றார்.

போன் விஷயத்தைச் சொன்னால் உங்களுக்கும் கோபம் வரும். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தவறாமல் கூப்பிட்டு, அங்கே குளிர், இங்கே பருப்பு வேகவில்லை, மேஜர் நல்லவர், புது சுபேதார் மோசம் என்று எல்லாம் சொல்வான். இவரிடமிருந்து வந்தால் தெரியாத நம்பரிலிருந்து வரும். சாப்பிட்டியா, அம்மா எப்படி இருக்கா. எங்கே இருக்கீங்க என்று நான் கேட்டால், அங்கே மழை பெய்கிறதா என்று என்னைத் திருப்பிக் கேட்பார். நான் என்ன வானிலை நிலையமா நடத்துகிறேன்? ஒரு தடவை ஆத்திரத்தில் போனை நானே வைத்துவிட்டேன். அடுத்த அழைப்பு வர எத்தனையோ வாரம் ஆனது. அதற்குப் பிறகு மழையைப் பற்றி மரியாதையாகப் பதில் சொல்லக் கற்றுக்கொண்டேன்.

கல்லியில் வாய் சும்மா இருக்குமா? பட்டாளத்திலிருந்து துரத்திவிட்டார்களாம் என்றார்கள். வடக்கே இன்னொரு குடும்பம் இருக்கிறதாம் என்றார்கள். சாமியார் ஆகிவிட்டார் என்றுகூட ஒருத்தி சொன்னாள். எனக்குக் காது கேட்காத மாதிரி இருக்க வரும். செம்பூரில் ஒரு பல் டாக்டர் கிளினிக்கில் ரிசப்ஷனில் இருப்பவள் நான், வலியில் கத்துகிறவர்களை தினமும் பார்க்கிறேன். மாமியாருக்கு அந்தப் பொறுமை கிடையாது. தோல் பை தைக்கும் பட்டறையில் லைனிங் ஒட்டும் வேலை அவருக்கு. இளம் வயதிலேயே புருஷனை இழந்து, ஒற்றைப் பிள்ளையை வளர்த்தவர். மகனைப் பற்றி யாராவது அரை வார்த்தை பேசினால் பட்டறையிலிருந்து எழுந்து போய் வாசலில் நின்று சண்டை போடுவார். அவர் குரல் எழும்பினால் நைன்டி ஃபீட் ரோடு வரைக்கும் கேட்கும்.

இப்படி இருக்கும்போதுதான் எனக்கு வளைகாப்பு வந்தது. எங்கள் அப்பா அம்மா இல்லை. பிறந்த வீட்டுச் சீரை அண்ணன்தான் கொண்டுவர வேண்டும். அதற்காகவே லீவை ஒத்துப்போகிற மாதிரி வாங்கியிருந்தான். வீட்டுக்காரர் வருவாரா என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் அதிகம் உறுத்தியது.

எங்கள் கல்லியில் பேனர் இல்லாமல் எந்த விசேஷமும் கிடையாது. காது குத்துக்குப் பேனர், பத்தாம் வகுப்பு பாஸுக்குப் பேனர், புது ரிக்‌ஷா வாங்கினால் அதற்கும் ஒன்று. வளைகாப்புக்கு முதல் நாள் சாயங்காலம் மன்றத்துக்காரர்கள் ஒன்றைக் கொண்டுவந்து கல்லி முகப்பில் கட்டினார்கள். வேலையிலிருந்து வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நடுவில் தாமரைப் பூவுக்குள் நான். இந்தப் பக்கம் அண்ணன், சீருடையில். அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர், சீருடையில், ஆள் உயரத்துக்கு. மேலே ஒரு புலி, பின்னால் தேசியக் கொடி. நாட்டைக் காக்கும் எங்கள் வீட்டு வீரர்கள் என்று பூச்சுழிகளோடு எழுதியிருந்தது. மாமியார் பீரோவைத் திறந்து ரிசப்ஷன் போட்டோவை எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம். வேறு ஒன்றுமே தோன்றவில்லை. அடுத்த வாசல்காரி நின்று அதை அண்ணாந்து பார்ப்பதை நான் நின்று பார்த்தேன். பாருடி, நல்லாப் பாரு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். மாமியார் அன்று மூன்று நான்கு தடவை காரணமே இல்லாமல் கல்லி முகப்புக்குப் போய்விட்டு வந்தார்.

மறுநாள் காலையில் அண்ணன் சீர்த் தட்டுகளோடு வந்தான். பின்னால் சொந்தக்காரர்கள், மேளம் எல்லாம். முகப்பில் பேனரைப் பார்த்தவன் கையிலிருந்த தட்டை யாரிடமோ கொடுத்தான். கயிற்றை அவிழ்க்கக்கூட இல்லை. ஒரே இழுப்பாக இழுத்து என் வீட்டுக்காரர் இருந்த பக்கத்தை டர்ரென்று கிழித்தான். மடித்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். அவன் முகமும் என் முகமும் புலியும் மட்டும் தொங்கின. மேளக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார்.

மாமியார் தட்டை எல்லாம் தள்ளிக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றார். "ஒம்ம மூஞ்சி மட்டும் தொங்கலாம், எம்மவன் மூஞ்சி தொங்கக் கூடாதோ?"

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு, "அது வேண்டாம் அத்தை" என்று மட்டும் சொன்னான். அவ்வளவுதான் அவனுக்கு வந்தது. எல்லைப்புறத்தில் நூறு பேருக்கு நடுவே கட்டளை போடுகிறவன், தங்கை மாமியார் முன்னால் முழி பிதுங்கி நின்றான். எனக்கோ அவனை அறையலாம் போல இருந்தது. கண்ணாடி வளையல்களைக் கை நிறையப் போட்டுவிட்டார்கள். யார் முகத்திலும் சிரிப்பு இல்லை. மாமியார் எனக்குச் சந்தனம் பூசவே வரவில்லை. விருந்துக்கு வந்தவர்கள் கலந்த சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே குசுகுசுத்தது ஒன்றே ஒன்றுதான். அப்போ துரத்திவிட்டது நிஜம்தான். பெண்டாட்டியின் அண்ணனுக்கே வெட்கமாக இருக்கிறது, அதனால்தான் கிழித்தான்.

போதாததற்கு மன்றத்துக்காரர்களில் யாரோ அதை வீடியோ எடுத்திருந்தார்கள். முந்தின நாள் பேனர் கட்டியதும் ஒரு ரீல், இப்போது அதைக் கிழித்ததும் ஒரு ரீல். கிழிப்பதற்கு முன் என் வீட்டுக்காரர் முகம் அதில் பளிச்சென்று தெரிந்தது. அண்ணன் போய் அழித்துவிடுங்கள் என்று தன்மையாகத்தான் கேட்டிருக்கிறான். ஏன் அண்ணே, என்ன லஃப்டா, என்ன வம்பு என்று அவர்கள் கேட்டார்கள். இவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. விஷயம் ஏதோ பெரிது என்று ஆனதும் இன்னும் நாலு பேருக்கு அனுப்பினார்கள்.

அடுத்த நாள் அண்ணன், வளையல் ஒன்று சின்னதாக இருக்கிறது, மாற்றிவிட்டு வருகிறோம் என்று மாமியாரிடம் சொல்லி என்னை மாட்டுங்காவுக்கு இழுத்துக்கொண்டு போனான். ஒரு ஹோட்டலில் உட்கார்ந்தோம். அங்கே எப்படி என்று உங்களுக்குத் தெரியும், காலியான நாற்காலியில் யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்வார்கள். எங்கள் எதிரே ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்து ரச வடையைப் பிய்க்க ஆரம்பித்தார். அண்ணன் வாய் பூட்டிக்கொண்டது. எனக்கு வயிறு முட்டிக்கொண்டிருக்கிறது, முதுகு வலிக்கிறது, இவன் ஒன்றும் பேசாமல் காபியை ஆற்றுகிறான். வெளியே வந்து ஃபைவ் கார்டன் பூங்காப் பக்கம் ஒரு பெஞ்சைப் பிடித்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

"நாங்க கண்ணுல படணும்ட்டி. அவிய படக் கூடாது. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றான்.

அவ்வளவுதானாம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். முகாமில் அண்ணன் பட்டாலியனுடைய வேலை, பட்டாளம் இங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியவைப்பது. பகலில் பூட்ஸ் சத்தத்தோடு வரிசையாக நடப்பார்கள், ரோட்டை மறித்து வண்டியைச் சோதிப்பார்கள், ஊர்க்காரர்களுக்கு மருத்துவ முகாம் நடத்துவார்கள். பார்க்கிறவன் பயப்பட வேண்டும், அல்லது தைரியப்பட வேண்டும். எது என்றாலும் பார்க்க வேண்டும். அதே முகாமின் ஒரு மூலையில் தகரம் அடைத்து ஒரு சின்ன வளாகம் இருக்கிறது. அதில் விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் ஆட்கள். சீருடை கிடையாது, சல்யூட் கிடையாது. அதிகாரியும் சிப்பாயும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், ஒருவரை ஒருவர் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவார்கள். தாடியும் ஊர்க்காரர்கள் போடுகிற உடுப்பும் போட்டுக்கொண்டு எப்போது போகிறார்கள், எப்போது வருகிறார்கள் என்று வாசலில் காவல் நிற்பவனுக்கே தெரியாது. அவர்களை யாராவது அடையாளம் கண்டுவிட்டால் அன்றோடு அந்த ஆளின் வேலை முடிந்தது. ஆளே முடிந்தாலும் முடியலாம்.

இரண்டு கூட்டத்துக்கும் ஒன்றை ஒன்று பிடிக்காது என்றும் சொன்னான். அண்ணன் ஆட்களுக்கு எந்த உத்தரவும் மேலேயிருந்து படிப்படியாக இறங்கி வர வேண்டும். அவர்களோ நின்ற இடத்தில் முடிவெடுப்பார்கள். திடீரென்று வந்து வண்டி வேண்டும், இந்த ரோட்டை இத்தனை நேரம் மறித்து நில்லுங்கள் என்பார்கள். எதற்கு என்று கேட்கக் கூடாது. பனியில் விறைத்து நின்றுவிட்டுத் திரும்பினால், நடந்தது என்ன என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். அதைச் சொல்லும்போது அண்ணனுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. நாங்கள் என்ன கூலிக்காரர்களா என்றான். உனக்காவது பனியில் நிற்கிற இடம் தெரியும், எனக்கு எதுவுமே தெரியாதே என்றேன்.

அப்போதுதான் அவன் அதுவரை சொல்லாததைச் சொன்னான். இவர் அந்தத் தகர வளாகத்தில்தான் இருந்தார். முதல் தடவை தெரிந்ததே வாசலில்தான். தாடிக்காரர் ஒருவர் வண்டியிலிருந்து இறங்குகிறார், அண்ணன் பாஸைக் கேட்கிறான், நிமிர்ந்து பார்த்தால் மாப்பிள்ளை. கல்யாணத்தில் ஒரே இலையில் கைவைத்துச் சாப்பிட்டவர்கள். இவர் பாஸை நீட்டினார், அண்ணன் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தான். இவர் உள்ளே போனார். ஒரு வார்த்தை இல்லை. பக்கத்தில் நின்ற பழைய பட்டாலியன் ஆட்களுக்கும் அந்தத் தாடிக்குள் யார் என்று தெரியக் கூடாதே. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை எதிரும் புதிருமாகக் கடந்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னிடம் பருப்பு வேகாத கதையைச் சொன்னபோதெல்லாம், என் புருஷன் நூறடியில் இருந்திருக்கிறார்.

"ஒரு நாள் அவியளுக்கு வெளிய ஏதோ தப்பாப் போச்சு. எங்க கம்பெனிதான் போய்த் தூக்கிட்டு வந்தோம்" என்றான் அண்ணன். "ஒரு ஆள கம்பளி போட்டு முகத்த மூடியிருந்தாவ. மூடினத எடுக்கக் கூடாதுன்னு உத்தரவு. வண்டில கூடவே வந்தேன். வழி முழுக்க காலத்தான் பாத்துக்கிட்டே வந்தேன், மாப்பிள்ள காலா இருக்குமோன்னு."

இல்லை, வேறு ஆள். அதைச் சொன்னபோது அவன் கண்ணில் நீர் நின்றது. எனக்கு அழுகை வரவில்லை, உடம்பெல்லாம் கொதித்தது. செத்தவனுக்குக்கூட முகம் கிடையாது என்றால் அது என்ன வேலை? கல்யாணம் ஆனவனை ஏன் அதற்கு எடுக்கிறார்கள்? எடுத்தால் பெண்டாட்டியிடம் சொல்லித் தொலைக்க வேண்டாமா? பெஞ்சில் உட்கார்ந்து அண்ணனைத்தான் திட்டினேன். அவன் அந்தப் பக்கத்து ஆள்கூட இல்லை. வேறு யார் கிடைத்தார்கள் திட்டுவதற்கு?

திட்டி முடித்ததும் அந்த ரீல் ஞாபகத்துக்கு வந்தது. அந்த முகம் இங்கிருந்து சுற்றிச் சுற்றி அந்த மலைக்குப் போனால், தாடியையும் தாண்டி யாராவது ஒருவன் அடையாளம் கண்டால் போதும். அழித்துவிடு என்று கெஞ்சினால் இன்னும் பரவும். நிஜத்தைச் சொன்னால் அதைவிடப் பரவும். எங்கள் கல்லி ஜனங்களை எனக்குத் தெரியும். அவர்கள் எதற்காவது பயந்து ஒரு படத்தை அழிப்பார்கள் என்றால் அது போலீஸ் ஒன்றுக்குத்தான். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு அந்த பெஞ்சிலேயே தெரிந்துவிட்டது. அண்ணனிடம் சொன்னதும் பதறிப்போனான்.

"வேண்டாம்ட்டி. மாப்பிள்ள மானம் போயிரும்."

மானம் போனால் போகட்டும், ஆள் இருக்கட்டும் என்றேன். மாமியாரிடமாவது நிஜத்தைச் சொல்லலாமா என்று கேட்டேன். மகனை ஒருவர் ஒரு சொல் சொன்னால் அவர் வாசலில் நின்று எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுவார். வேண்டாம் என்றான் அண்ணன். எனக்கும் அதுதான் தோன்றியது.

எங்கள் கல்லி வாட்ஸ்அப் குரூப்பில் யாரும் எழுதுவதில்லை. பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்து வராது, மீதிப் பேருக்குப் பொறுமை கிடையாது. எல்லாம் குரல் செய்திதான். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, போனை வாய்க்கருகே வைத்துப் பேசினேன்.

"எல்லாரும் கேளுங்க. எங்க வீட்டுக்காரவியள ஆர்மில இருந்து எடுத்துட்டாவ. ஒழுங்கீனம்னு கேஸ். எடுத்த பொறவு யூனிபாரம் போட்ட போட்டோவ யாரு வச்சிருந்தாலும் போலீஸ் கூப்பிடுமாம். அதுக்குத்தான் எங்க அண்ணன் கிழிச்சான். ஒங்க போன்ல இருக்கத அழிச்சிருங்க. என் தலையெழுத்துக்கு ஒங்களுக்கு எதுக்கு லஃப்டா."

அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் எதிர் வீட்டிலிருந்து என் குரல் கேட்டது. பிறகு மாடியிலிருந்து. பிறகு மாவு மில்லிலிருந்து. ஒன்று முடிவதற்குள் இன்னொன்று ஆரம்பித்து, கல்லி முழுக்க நானே என் புருஷனைக் கேவலப்படுத்திக்கொண்டிருந்தேன். காதைப் பொத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். மன்றத்துக்காரர்கள்தான் முதலில் அழித்தார்கள். அழித்துவிட்டோம் அக்கா, எங்கள் பெயர் வெளியே வர வேண்டாம் என்று வாசலில் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அனுப்பியவர்களையெல்லாம் கூப்பிட்டு அவர்களே அழிக்க வைத்தார்கள். பயம் என்றால் எங்கள் ஜனங்கள் அவ்வளவு ஒழுங்கு.

மாமியார் பட்டறையில் யார் போனிலோ கேட்டிருக்கிறார். வேலை முடியும் முன்பே வந்துவிட்டார். சண்டை போடுவார் என்று காத்திருந்தேன். போடவில்லை. நெசமா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படியில் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் வாசலுக்கு வந்து யாரிடமும் சண்டை போட்டதே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மகள் பிறந்து குப்புற விழும் பருவத்தில் ஒரு காலையில் இவர் வந்து நின்றார். அதே தாடி, அதே பை. கல்லியில் யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. மாமியார் இட்லியை வைத்து, எதிரே உட்கார்ந்து, "வேல போனா போவுது. உசிரோட இருக்கியே, அது போதும்ல" என்றார். இவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். மாமியார் தட்டு கழுவப் போன பிறகு நடந்ததை எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரிக்கிறார் மனுஷன். இதைவிட நல்ல மறைப்பை எங்கள் ஆபீஸே கொடுத்ததில்லை என்கிறார். கையிலிருந்த கரண்டியை அவர் மேல் எறிந்தேன், குறி தப்பிவிட்டது. எனக்காக ஒரு தடவை அவர் கோபப்பட்டிருக்கலாம். என் பெயரை ஏன் கெடுத்தாய் என்று கத்தியிருந்தால் கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

இவர் கிளம்பும்போது எங்கே போகிறாய் என்று மாமியார் கேட்டார். வேலை தேடப் போகிறேன் என்றார் இவர். அதை அவர் நம்பிவிட்டார். அன்று முதல் மகனுக்காக வேலை கேட்டு அலைய ஆரம்பித்தார். பட்டறையில் கேட்டார், சிமெண்ட் கடையில் கேட்டார். யாருக்கும் தலைவணங்காத மனுஷி செம்பூரில் ஒரு அடுக்குமாடி சொசைட்டி செக்ரட்டரி வீட்டு வாசலில் போய் நின்று, வாட்ச்மேன் வேலை சொல்லிவைத்துவிட்டு வந்தார். எப்போது சேர்வான் என்று அந்த செக்ரட்டரி ஆள் விட்டுக் கேட்டபோதெல்லாம் நான் அடுத்த மாதம் என்று சொன்னேன். அவர் தேடித் தந்த வேலைக்கெல்லாம் மகன் வராமல் போனதால், ஒழுங்கீனத்தோடு சோம்பேறி என்ற பெயரும் இவருக்குச் சேர்ந்தது.

சில வருஷங்களுக்குப் பிறகு அந்த வேலை முடிந்து இவரைப் பழைய பட்டாலியனுக்கே அனுப்பினார்கள். ஒட்ட வெட்டிய முடியும் டிரங்குப் பெட்டியுமாக, சொன்ன தேதியில் வந்தார். கல்லியே வாயைப் பிளந்தது. மறுபடியும் எடுத்துக்கொண்டார்களா என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். மாமியார் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். மருமகளின் அண்ணன் பெரியவர்கள் காலில் கையில் விழுந்து, துரத்தப்பட்டவனைத் திரும்பச் சேர்த்துவிட்டான். இதை எல்லாரிடமும் சொன்னார். தீபாவளிக்கு அண்ணனுக்கு வேட்டி சட்டை எடுத்தார். முறுக்கு சுட்டால் முதல் டப்பா அவனுக்கு. அண்ணன் நெளிவான். அத்தனை வருஷம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை செய்தவர் ஒருவர், பாராட்டு மொத்தமும் எங்கள் அண்ணனுக்கு. எனக்கு வயிறு எரிந்தது.

இந்தப் பொங்கலுக்கு, நவி மும்பையில் நாங்கள் குடிபோயிருக்கும் கோபர்கைரனே வீட்டில் எல்லாரும் இருந்தோம். இனி அம்மாவிடம் இவ்வளவு சொல்லலாம் என்று இவரே ஒரு அளவு வைத்துக்கொண்டு வந்தார். என்னை யாரும் வேலையிலிருந்து எடுக்கவில்லை அம்மா, வேறு மாதிரி வேலையில் இருந்தேன் என்றார். உங்கள் மகன் முகம் வெளியே தெரிந்தால் ஆபத்து, அதனால்தான் கிழித்தேன் அத்தை என்றான் அண்ணன். நான் அனுப்பிய குரல் செய்தி முழுப் பொய் என்று நான் சொன்னேன். மாமியார் பூண்டு உரித்துக்கொண்டே கடைசி வரைக்கும் கேட்டார்.

"அப்பம் அவ்வளவு வருசமும் நீ பட்டாளத்துலதான் இருந்தியா?"

"ஆமாம்மா."

"ஒரு போட்டோ காட்டு."

இவர் என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். அந்த வருஷங்களில் எடுத்த போட்டோ ஒன்றுகூட யாரிடமும் இல்லை. மாமியார் பூண்டுத் தோலைத் தட்டிவிட்டு எழுந்து வந்து, மகன் தலையில் கை வைத்தார்.

"எனக்காவ மூணு பேரும் சேந்து பொய் சொல்ல வேண்டாம்ல. நான் ஒன்ன அன்னைக்கே மன்னிச்சிட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். இவர் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். பிறகு, "சரிம்மா" என்றார்.